பூனைக்காலியும் மூளையும்

பருத்தித்துறைக் கடற்கரையிலே, இரவெல்லாம் கடலில் நின்ற படகுகள் விடியற்காலையில் கரை திரும்பும் வேளையில், மீன் கூற வருவோருக்கும் வாங்க வருவோருக்கும் முன்னரே வந்து காத்திருப்போர் சிலர் உளர். காகங்களும் நாய்களுமே அவர்கள். தூரத்தே படகின் இயந்திர ஒலி கேட்ட மாத்திரத்தில், மணலிற் சுருண்டு கிடந்த நாய் எழுந்து நின்று காதை நிமிர்த்துகின்றது. மீன் குடல் எங்கே எறியப்படும் என்பது அதற்குத் தெரியும். இரங்கி ஒரு துண்டு போடுபவர் எவர், கல்லெடுத்து எறிபவர் எவர் என்பதும் அதற்குத் தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் எதிர்ப்பட்டால், எவர் பக்கம் போவது, எவரை விட்டு விலகுவது என்று ஒரு கணத்தில் முடிவு செய்தும் விடுகின்றது. இவற்றை அதற்கு எவரும் கற்பித்ததில்லை. பின்னர் இவ்வறிவு அதற்கு எங்ஙனம் வந்தது? கற்றலும் தெரிதலும் அதன் தலைக்குள்ளே எந்தப் பொருளால், எந்த முறையால் நிகழ்கின்றன?

இவ்வினா பழமையானது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்று சொன்ன நம் முன்னோர், விலங்கும் பட்டறிந்து திருந்தும் என்பதை நன்கு கண்டிருந்தனர். தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, மனத்தை ஆறாவது அறிவாக வைத்தது. ஆயினும் அறிவு என்பது உடம்பின் எப்பகுதியில், எவ்வகைப் பொருளின் தொழிலாக நிகழ்கின்றது என்ற ஆராய்ச்சி, கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள்ளேதான் உருவாயிற்று. அந்த ஆராய்ச்சியின் வரலாற்றிலே நம் நாட்டுப் பற்றைகளிற் படரும் ஒரு கொடிக்கும், இந்தியக் காடுகளில் வளரும் ஒரு வேருக்கும் பெரிய இடமுண்டு. அந்த வரலாற்றின் தொடக்கத்தோடு யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொடர்புண்டு.

பருத்தித்துறைக்குத் தென்மேற்கே, யாழ்ப்பாண நகருக்கு அண்மையில் உள்ளது மானிப்பாய். அமெரிக்க மிசனைச் சேர்ந்த டாக்டர் சமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழ் மாணவருக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்கென நூல்கள் வேண்டியிருந்தன. தம் மாணவர் துணையோடு அவர் தமிழாக்கியும் பதிப்பித்தும் வெளியிட்டவற்றுள் 1867ஆம் ஆண்டின் இரணவைத்தியமும், 1875ஆம் ஆண்டின் கெமிஸ்தமும், 1883ஆம் ஆண்டின் மனுஷ சுகரணமும் அடங்கும். கெமிஸ்தம் என்பது இரசாயன நூல். சுகரணம் என்பது உடற்றொழில் நூல். பொருளின் இயல்பும் உடம்பின் தொழிலும் ஆகிய இரண்டையும் தமிழ் மாணவன் தன் மொழியிலே படிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

மனுஷ சுகரணத்துக்கு மூலம், டால்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதிய உடற்றொழில் நூலாகும். அக்காலத்திலே மூளையின் தொழிலை விளக்க எழுந்த நூல்களில் ஒரு புறாவின் கதை தவறாது இடம்பெறும். டால்டனும் தம் ஆங்கில மூலத்திலே அதனை விரிவாக எழுதினார். அக்கதையைத் தொடங்கி வைத்தவர் பிரான்சு தேசத்துப் புளூரன்ஸ் என்பவர். 1820ஆம் ஆண்டுகளில் அவர் புறாவின் பெருமூளையை அகற்றிவிட்டு, அதன் பின்னர் அப்பறவை என்ன செய்கின்றது என்று கவனித்தார். புறா இறக்கவில்லை. நிமிர்ந்து நின்றது. தள்ளினால் நடந்தது. காற்றில் எறிந்தால் பறந்தது. அலகுக்குள் தானியத்தை வைத்தால் விழுங்கியது. ஆனால் தானியத்தின் நடுவிலே நிறுத்தி வைத்தாலும் தானாக ஒரு மணியைப் பொறுக்கவில்லை. எதையும் நாடவில்லை, எதையும் கற்கவுமில்லை. ஊட்டுவார் இல்லையெனில் உணவின் முன்னே பட்டினி கிடந்து சாகும் நிலை அதற்கு.

உடம்பு உண்டு, பசி உண்டு, எதிரே உணவும் உண்டு. நாட்டம் மட்டும் இல்லை. இந்தப் புறா எழுப்பிய வினாவுக்கு விடை காண நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே விலங்குகளின் கற்றலை அளந்து பார்க்கும் முயற்சி தொடங்கிற்று. அமெரிக்காவில் தோண்டைக் என்பவர் 1898ஆம் ஆண்டு, பசித்த பூனைகளைக் கூண்டுப்பெட்டியில் அடைத்து வெளியே மீனை வைத்தார். பூனை அங்குமிங்கும் பிறாண்டித் தற்செயலாகத் தாழ்ப்பாளைத் தட்டி வெளியேறிற்று. மறுமுறை அடைத்தபோது சற்று விரைவாக வெளியேறிற்று. பல முறைக்குப் பின்னர், அடைத்த உடனேயே தாழ்ப்பாளைத் தட்டிற்று. நன்மை பயந்த செயல் நிலைக்கின்றது, பயன்தராத செயல் மங்குகின்றது என்பது அவர் கண்ட விதி. உருசிய தேசத்துப் பவுலோவ், உணவுக்கு முன்னே ஒலியெழுப்பி வந்தால் நாளடைவில் ஒலி கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும் என்று காட்டினார். இவ்விருவரும் கற்றலின் புறத்தோற்றத்தை விளக்கினர். தலைக்குள்ளே நடப்பது யாது என்பது அவர்களுக்கும் மறைபொருளாகவே இருந்தது.

அந்த மறைபொருளின் முதற்கதவைத் திறந்தது ஒரு தவளையின் இதயம். நரம்புக்கு நரம்பு செய்தி செல்வது மின்னோட்டத்தினால் மட்டுமே என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஒட்டோ லோவி என்பார் 1921ஆம் ஆண்டு, ஒரு தவளையின் இதயத்துக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தாழ்த்தினார். பின்னர் அவ்விதயத்தை நனைத்திருந்த நீரை எடுத்து, வேறொரு தவளையின் இதயத்தில் இட்டார். எவரும் தூண்டாமலே அதுவும் துடிப்புத் தாழ்ந்தது. நரம்பு தன் நுனியிலே ஒரு பொருளைச் சுரக்கின்றது, அப்பொருளே செய்தியைக் கொண்டு செல்கின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. 1936ஆம் ஆண்டு லோவிக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் மூளைக்குள்ளேயும் செய்தி இவ்வாறே இரசாயனப் பொருளாற் செல்கின்றது என்பதை ஏற்கப் பலர் மேலும் பல ஆண்டுகள் தயங்கினர்.

இனி, பூனைக்காலிக்கு வருவோம். இலங்கையிலும் தமிழகத்திலும் வேலிகளிலும் பற்றைகளிலும் படரும் கொடி இது. இதன் காயின் மேலுள்ள சுணை மேலிற் பட்டால் தாங்கொணா அரிப்பு உண்டாகும் என்பதைக் கிராமத்துச் சிறுவர் யாவரும் அறிவர். இதன் விதையைச் சித்த வைத்தியரும் ஆயுள்வேத வைத்தியரும் சுத்தி செய்து, உடற்பலத்துக்கும் வாதநோய்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். 1937ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்து உயிரிரசாயன ஆய்வுகூடத்திலே எம். தாமோதரன், ஆர். ராமசாமி ஆகிய இருவரும் இவ்விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அதனை உயிரிரசாயனத் துறையின் புகழ்பெற்ற ஆங்கில ஏடொன்றிலே வெளியிட்டனர்.

எல்-டோபா அதற்கு முன்னரே அறியப்பட்ட பொருள்தான். சுவிற்சர்லாந்தில் மார்க்கஸ் குகன்ஹைம் என்பவர் 1913ஆம் ஆண்டு அதனை ஓர் அவரை வகையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். அது உடம்பில் என்ன செய்யும் என்று பார்க்கத் தாமே 2.5 கிராம் விழுங்கி, கடுமையாக வாந்தியெடுத்தார் என்பது விஞ்ஞான வரலாற்றிலே நன்கறிந்த செய்தி. பெரும் பயன் எதுவும் இல்லாத பொருள் என்றே உலகம் அதனைப் பல ஆண்டுகள் ஒதுக்கிவைத்தது. சென்னை ஆய்வாளர் இருவரும் அதனைப் பூனைக்காலியிற் கண்டபோதும், அது தாவர இரசாயனத்தின் ஒரு செய்தியாகவே இருந்தது. அப்பொருள் மூளைக்குள் எதுவாக மாறும், அங்கே என்ன தொழில் செய்யும் என்பதை அந்நாளில் உலகில் எவரும் அறியார்.

இரண்டாவது பொருள் சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர். சித்தப்பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் பாம்புக்கடிக்கும் இந்திய வைத்தியர் இதனைக் கொடுத்து வந்தனர். 1931ஆம் ஆண்டு கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர், இவ்வேர் பைத்தியத்தின் வேகத்தையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கின்றது என்று எழுதினர். 1949ஆம் ஆண்டு பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜல் வக்கீல், இரத்த அழுத்த நோயாளரிடத்தே அதனைக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரித்தானிய இதயநோய் ஏட்டிலே வெளியிட்டார். அதன் பின்னரே மேனாடுகள் இவ்வேரின்பாற் கண் திருப்பின. 1952ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்து ஆய்வாளர் அதிலிருந்து ரிசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். மனநோய் வைத்தியசாலைகளிலே அது விரைந்து பரவிற்று. ஆனால் அதனை உண்டோரிற் சிலர் சோர்ந்தனர். சிலர் நடுக்குவாதம் கண்டவர்போல உடல் விறைத்தனர். ஒரு வேர் எவ்வாறு மனிதனின் ஊக்கத்தையே உறிஞ்சிவிடுகின்றது என்ற கேள்வி எழுந்தது.

இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று சந்தித்த இடம் சுவீடன் தேசத்து லுண்ட் நகரம். 1957ஆம் ஆண்டு ஆர்விட் கார்ல்சன் என்பாரும் அவர் துணைவரும் முயல்களுக்கு ரிசர்ப்பினைக் கொடுத்தனர். முயல்கள் காதைத் தொங்கவிட்டு, அசைவற்றுக் கிடந்தன. மூளையில் நரம்புகள் சேமித்து வைத்திருந்த இரசாயனப் பொருள்களை ரிசர்ப்பின் வெறுமையாக்கிவிட்டது. பின்னர் அவ்விலங்குகளுக்கு டோபாவைச் செலுத்தினர். சில நிமிடங்களில் முயல்கள் காதை நிமிர்த்தி எழுந்து, உயிர்ப்போடு நடமாடின. சர்ப்பகந்தியின் சத்து வெறுமையாக்கியதைப் பூனைக்காலியிலும் உள்ள சத்து நிரப்பிவிட்டது. டோபா மூளைக்குள்ளே சென்று டோபமைன் என்னும் பொருளாக மாறுகின்றது என்பதும், மூளையிலே டோபமைனுக்குத் தனியொரு தொழில் உண்டு என்பதும் இவ்வாராய்ச்சித் தொடரால் வெளிப்பட்டன. டோபமைனை நேரே கொடுத்தாற் பயனில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பை அது கடக்க மாட்டாது. டோபா கடக்கும். 1937ஆம் ஆண்டின் சென்னைச் செய்திக்கு உரிய பொருள் 20 ஆண்டுகளின் பின்னரே விளங்கிற்று.

கார்ல்சனின் கூற்றை அறிஞர் உடனே ஏற்றனரல்லர். ஆயினும் 1960ஆம் ஆண்டு வியன்னாவில், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையின் அடிப்பகுதியிலே டோபமைன் மிகக் குறைந்திருப்பதை ஹோர்ணிக்கியேவிச் என்பாரும் துணைவரும் கண்டனர். அடுத்த ஆண்டே அந்நகரத்து நோயாளருக்கு எல்-டோபா செலுத்தப்பட்டது. படுக்கையிற் கிடந்தோர் எழுந்து நடந்தனர். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ் அதனை வாய்வழியாகச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும் முறையைக் கண்டபின், உலகெங்கும் அது மருந்தாயிற்று. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை டோபமைன் அசைவுக்குரிய பொருளாகவே காணப்பட்டது. ஆனால் வேறொரு திசையிலிருந்தும் சான்றுகள் வந்துகொண்டிருந்தன. 1954ஆம் ஆண்டு கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலே ஓல்ட்ஸ், மில்னர் ஆகிய இருவர் எலிகளின் மூளையில் நுண்கம்பியைப் பொருத்தி, எலி தானே ஒரு நெம்பை அழுத்தினால் மூளையில் மெல்லிய மின்தூண்டல் கிடைக்கும்படி அமைத்தனர். எலிகள் ஓயாது நெம்பை அழுத்தின. அத்தூண்டல் டோபமைன் நரம்புகளின் வழியே தொழிற்படுகின்றது என்பது பிற்காலத்தில் தெரிந்தது. அதனால் டோபமைன் என்பது இன்பத்தைத் தரும் பொருள் என்ற கருத்துப் பரவிற்று. இன்றும் செய்தித்தாள்களில் அவ்வாறே எழுதப்படுவதுண்டு.

அக்கருத்து முழுமையானதன்று என்பதை ஒரு சுண்டெலி காட்டிற்று. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சட் பால்மித்தரும் துணைவரும், பிறப்பிலேயே மூளையில் டோபமைன் உண்டாக்க இயலாத சுண்டெலிகளைத் தோற்றுவித்தனர். அவை பிறந்து சில வாரங்கள் வரை பாலுண்டு வளர்ந்தன. பின்னர் அசைவு குன்றி, எட்டும் இடத்தில் உணவிருந்தும் உண்ணாது மெலிந்து இறந்தன. நாள்தோறும் எல்-டோபா செலுத்திய சுண்டெலிகளோ உண்டு வாழ்ந்தன. புளூரன்ஸின் புறா தானியத்தின் நடுவிலே பட்டினி கிடந்ததன் மறுதோற்றம் போன்றது இது. ஆனால் இம்முறை பெருமூளை முழுவதும் அகற்றப்படவில்லை. ஒரேயொரு பொருள் மாத்திரம் இல்லாமற் போயிற்று. மேலும், டோபமைன் அழிந்த எலிகளின் நாவில் சர்க்கரை நீரை வைத்தபோது, ஏனைய எலிகளைப் போலவே அவை அதனைச் சுவைத்து நக்கின என்று பெரிட்ஜ் என்பார் கண்டார். சுவை தெரிகின்றது; விருப்பும் முகத்திலே தோன்றுகின்றது. அதனைத் தேடிச் செல்லும் நாட்டமே இல்லை. சுவைத்தல் வேறு, நாடுதல் வேறு என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

கற்றலுக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பை விளக்கியவர் சுவிற்சர்லாந்தின் பிறைபூர்க் நகரிலே ஆராய்ந்த வொல்பிராம் சுல்ட்ஸ். அவர் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புக்கலங்களின் துடிப்பை நுண்கம்பியால் பதிந்தார். எதிர்பாராது ஒரு துளி பழச்சாறு வாயில் விழுந்தபோது, அக்கலங்கள் சடுதியாகத் துடித்தன. பழச்சாற்றுக்கு முன்னே ஒரு விளக்கு எரியும்படி செய்து பலமுறை பழக்கியபின் வியப்பான மாற்றம் நிகழ்ந்தது. இப்போது விளக்கு எரிந்ததும் கலங்கள் துடித்தன. சாறு வந்தபோது அவை வாளாவிருந்தன. விளக்கு எரிந்த பின்னரும் சாறு வராவிட்டாலோ, வரவேண்டிய அக்கணத்திலே அவை தம் வழக்கமான துடிப்பையும் நிறுத்தின.

கடற்கரை நாயைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். முதல்நாள் படகிலிருந்து எதிர்பாராது ஒரு மீன் துண்டு விழுகின்றது. நாயின் மூளையில் டோபமைன் பெருகுகின்றது. அது இன்பத்தின் அளவு மாத்திரமன்று. “நினைத்ததிலும் நன்றாக நடந்தது, இதற்கு முன் நடந்ததை நினைவிற்கொள்” என்ற அறிவித்தல். நாளடைவில் அவ்வறிவித்தல் மீனை விட்டு, மீனுக்கு முன்வரும் இயந்திர ஒலிக்கு இடம்பெயர்கின்றது. அதனாலேதான் ஒலி கேட்டதும் நாய் எழுகின்றது. ஒருநாள் படகு வெறுமையாக வந்தால், டோபமைன் தாழ்கின்றது. “நினைத்தது நடக்கவில்லை, கணக்கைத் திருத்து” என்பது அதன் பொருள். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடே கற்பிக்கும் ஆசான். வேறுபாடு இல்லையெனில் புதிதாகக் கற்பதும் இல்லை. உளவியலறிஞர் ரெஸ்கோலாவும் வாக்னரும் 1972ஆம் ஆண்டிலேயே கணித வாய்பாடாக இதனை எழுதியிருந்தனர். சுல்ட்ஸ் பதிந்த துடிப்புகள் அத்தகைய கணக்கோடு பொருந்துவதை அவரும் தயான், மொந்தேக் ஆகியோரும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டிற்று.

முடிவு செய்தலுக்கும் இதே பொருள் உதவுகின்றது. மூளையின் அடிப்பகுதியிலே, ஒரு செயலைச் செய் என்று தூண்டும் வழியும், செய்யாதே என்று தடுக்கும் வழியும் உள. டோபமைன் முதல் வழியை ஊக்கி, இரண்டாவதைத் தணிக்கின்றது. முன்னர் நன்மை பயந்த செயலுக்குத் தூண்டும் வழி வலுப்பட்டிருக்கும். தீமை பயந்த செயலுக்குத் தடுக்கும் வழி வலுப்பட்டிருக்கும். துண்டு போடுபவரும் கல்லெறிபவரும் ஒருங்கே எதிர்ப்பட்டபோது நாய் தயங்கி நிற்கும் அந்தக் கணம், இவ்விரு வழிகளும் எடை போடும் கணம் எனலாம். மனித மூளையிலுள்ள நரம்புக்கலங்கள் ஏறக்குறைய 8,600 கோடி. அவற்றுள் டோபமைன் சுரப்பன சில இலட்சம் மாத்திரமே. அளவிற் சிறிய அக்கூட்டமே இத்தனை பெரிய தொழிலில் பங்கு கொள்கின்றது.

முதுகெலும்பு இல்லாத சிற்றுயிர்களிலும் இம்முறையின் சாயல் உண்டு. தேனீயின் மூளையில் ஒரேயொரு நரம்புக்கலத்தைத் தூண்டினால், சர்க்கரை கொடாமலே, ஒரு மணத்தை நல்ல மணமாகக் கற்கச் செய்யலாம் என்று மார்ட்டின் ஹமர் 1993ஆம் ஆண்டு காட்டினார். அங்கே தொழில் செய்வது டோபமைனுக்கு உறவான ஒக்டோபமைன். கடல்முயல் என்னும் ஓடற்ற நத்தை இனத்திலே, அச்சத்தைக் கற்பதற்கு செரட்டோனின் என்ற பொருள் உதவுவதை எரிக் கண்டெல் விளக்கினார். ஏறக்குறைய 20,000 நரம்புக்கலங்களே உடைய அவ்வுயிரிலே, பாடம் பதியும்போது நரம்பின் இணைப்புகள் வலுப்படுவதை அவர் கண்டார். கார்ல்சனோடு 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அவரும் ஒருவர்.

இவ்வறிவு மனிதருக்கு எவ்வகையிற் பயன்படும்? 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைக்கேல் பிராங்க் என்பாரும் துணைவரும் நடுக்குவாத நோயாளரைப் பரிசோதித்தனர். மருந்து உண்ணாத வேளையில் நோயாளர் தவறுகளிலிருந்து நன்கு கற்றனர். மருந்து உண்ட வேளையில் வெற்றிகளிலிருந்து நன்கு கற்றனர். டோபமைன் தாழ்ந்திருக்கும்போது இழப்பின் பாடமும், உயர்ந்திருக்கும்போது ஆதாயத்தின் பாடமும் ஆழப் பதிகின்றன என்பது இதன் கருத்து. டோபமைனைப் போலத் தொழிற்படும் சில மருந்துகளை உண்ட நோயாளருட் சிலர், முன்னர் சீட்டையே தொடாதவராக இருந்தும், சூதாட்டத்திலே பணத்தை இழந்தனர் என்பதும் வைத்தியர் அறிந்த செய்தி. மருந்தைக் குறைத்தபோது அவ்வாசையும் அடங்கிற்று. வீட்டிலுள்ள முதியவரிடத்தே இத்தகைய மாற்றம் தோன்றினால், அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று பழிக்காது, வைத்தியரிடம் சொல்வதே முறை. அவமானத்துக்கு அஞ்சி மறைப்பதனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் அமைதியும் அழிந்துபோதல் கூடும்.

பூனைக்காலி விதையும் மீண்டும் ஆராய்ச்சிக்கு வந்துள்ளது. 2004ஆம் ஆண்டு இலண்டனில் 8 நோயாளரிடத்தே நடந்த பரிசோதனையில், விதைத் தூள் வழக்கமான மாத்திரையிலும் விரைவாகப் பலன் தந்து, நீண்ட நேரம் நிலைத்தது. எட்டுப் பேர் என்பது சிறு தொகை. விதைக்கு விதை எல்-டோபாவின் அளவு வேறுபடும். ஆதலால் வேலியிற் பறித்த விதையைத் தாமே இடித்து உண்பது ஆபத்தாகும். வாந்தியும் இரத்த அழுத்தத் தாழ்வும் மனக்குழப்பமும் நேரலாம். நம் வைத்தியர் சுத்தி செய்து, அளவறிந்து கொடுத்ததன் காரணமும் அதுவே.

பிள்ளைகளைப் பழக்குவோருக்கும் இவ்வரலாற்றிலே ஒரு பாடமுண்டு. நாள்தோறும் ஒரே அளவிலே கிடைக்கும் பரிசு, சில நாட்களில் எதனையும் புதிதாகக் கற்பிப்பதில்லை; எதிர்பாராது கிடைக்கும் ஒரு நல்ல சொல் கற்பிக்கின்றது. இடையறாது அடிபட்ட உயிர் அடியிலிருந்து பெரும்பாலும் கற்பது, அடிப்பவரை விட்டு விலகும் வழியையே. கடற்கரை நாய் கல்லெறிபவரிடத்திலே கற்றது அது ஒன்றுதான்.

இரு தாவரங்கள் நம் நாடுகளிலே பல நூற்றாண்டுகள் மருந்தாயிருந்தன. அவற்றின் குணத்தை நம் வைத்தியர் அறிந்திருந்தனர். அவற்றின் சத்துகளுள் ஒன்றை நம் விஞ்ஞானிகள் சென்னையிலே பிரித்தும் எடுத்தனர். ஆயினும் வைத்தியரின் ஏடும் ஆய்வுகூடத்தின் குறிப்பும் வெவ்வேறு அலமாரிகளிலே கிடந்தன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த இடத்திலே புதிய அறிவு பிறந்தது. டாக்டர் கிறீன் 1873ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் திரும்பிய பின்னரும், அங்கிருந்தே தமிழ் வைத்திய நூல்களின் பணியைத் தொடர்ந்தார். 1884ஆம் ஆண்டு மறைந்தார். கெமிஸ்தத்தையும் சுகரணத்தையும் ஒரே மாணவன் கையிலே, அவனுடைய மொழியிலே கொடுக்க அவர் விரும்பினார். அவ்விரு நூல்களுக்கும் இடையிலுள்ள வெளியிலேதான், மூளையின் இரசாயனம் என்னும் துறை பிற்காலத்தில் எழுந்தது. அத்துறையைத் தமிழிலே கற்கவும் கற்பிக்கவும் வேண்டிய சொற்களை ஆக்கும் பணி இன்னும் முடியவில்லை. அது நம் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டிய பணி.